பதினாலாம் பீரோவில் கொள்ளை

"ஐயோ...! என் செடியைக் காணோம்!"

காலை பத்து மணிக்கு அந்த அலறல் கட்டிடத்தையே உலுக்கியது.

காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, பீரோ பீரோவாக அடுக்கி வைத்திருக்கும் ஆராய்ச்சிக்கூடம் அது. அலறியவள் அங்கே செடிகளுக்குப் பெயர் வைக்கும் ஆராய்ச்சியாளர். பதினாலாம் பீரோவில் அவள் பூட்டி வைத்த தாள்... மாயம்!

இன்ஸ்பெக்டர் கொட்டாவியோடு வந்து சேர்ந்தார்.

"ஏம்மா, காஞ்ச பூவுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆரா?"

"சாதாரணப் பூ இல்ல சார்! சூரியகாந்திக் குடும்பத்துல புது இனம். ஏழு வருஷ உழைப்பு! இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்கு என் கட்டுரை வெளியாகுது. அந்தத் தாள்தான் அத்தாட்சி. அது இல்லேன்னா என்னை எவன் நம்புவான்?"

"எத்தனை பூ போச்சு? ஒண்ணா?"

"பார்க்கத்தான் ஒண்ணு. இந்தக் குடும்பத்துல ஒரு பூன்னா நூறு குட்டிப் பூ சேர்ந்த கொத்து."

"அப்ப நூறுன்னே எழுதிக்கறேன். கேஸ் கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பூட்டு உடையவில்லை. கைரேகை இல்லை. வந்தவன் கையுறை போட்ட கில்லாடி!

திடீரென்று அவள் கூவினாள்.

"சார்! இதைப் பாருங்க!"

பக்கத்துத் தாளில் புத்தம் புதிய துண்டுச் சீட்டு. 'இந்தச் செடிக்கு எழுதியிருக்கும் பெயர் தவறு' என்று ஆரம்பித்து, சரியான பெயரோடு முடிந்திருந்தது. கீழே கையெழுத்து. நேற்றைய தேதி!

"எங்க தொழில்ல இது ஒரு வியாதி சார். தப்பான பேரைப் பார்த்தா கை சும்மா இருக்காது. திருத்தி, சீட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டாதான் தூக்கமே வரும்."

"திருட வந்த இடத்துலயுமா?!"

"இது 'பூதக்கண்ணாடி'யோட கையெழுத்து. அது நாங்க அவருக்கு வச்ச பட்டப்பேர். எனக்கு முன்னாடி இந்த நாற்காலில இருந்தவர், பீரோ சாவி ஒண்ணு இன்னும் அவர்கிட்ட இருக்கு. என் பரம எதிரி!"

ஜீப் பறந்தது.

பதினொன்றரை மணி. பூதக்கண்ணாடியின் சாப்பாட்டு மேஜையில் நுண்ணோக்கி. அதன் அடியில் அவள் தாள்!

இன்ஸ்பெக்டர் பெரிய கும்பிடாகப் போட்டார்.

"கையுறை மாட்டிக்கிட்டு கையெழுத்தும் போட்டுட்டு வந்த ஒரே திருடர் நீங்கதான் சார்."

பூதக்கண்ணாடி மறுக்கவில்லை.

"திருடினேன். இவளை முந்திக்கிட்டு என் பேர்ல வெளியிடலாம்னுதான். ஆனா..."

"ஆனா என்ன?" அவள் சீறினாள்.

"தாளை நல்லா பாரும்மா."

அதிலும் ஒரு சீட்டு!

'புது இனம் அல்ல. பூ ஒரு களையினுடையது. தண்டு இன்னொரு களையினுடையது. நடுவில் பசை.'

"பொய்!"

நுண்ணோக்கியில் குனிந்தாள். தண்டில் ரோமம் நீளம். பூவின் அடியில் ரோமம் குட்டை. நடுவே பளபளவென்று பசை...

ஏழு வருஷத்துக்கு முன்னால், மலையிலிருந்து திரும்பிய பஸ் குலுக்கலில் ஒரு பூ கழன்று விழுந்தது. இந்தத் தண்டுதான் என்று நினைத்து ஒட்டினாள்... அவள் கையாலேயே!

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா திருடினது தெரிஞ்சுடுமே! பன்னிரண்டு மணிக்கு நீ மானம் கெடுவேன்னு குஷியா உட்கார்ந்திருந்தேன்."

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

வாயை மூடிக்கொண்டு அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டால் போதும். இன்னும் எட்டு நிமிடத்தில் உலகமே அவளைப் பாராட்டும். ஆசையாகத்தான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

போனை எடுத்தாள்.

"கட்டுரையை நிறுத்துங்க... ஆமா, என்னோடதைத்தான். அப்படி ஒரு செடியே கிடையாது!"

சொல்லி முடித்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பூதக்கண்ணாடி கைக்குட்டையை நீட்டினார். இன்ஸ்பெக்டர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, தலையைச் சொறிந்தார்.

"திருடினவருக்குச் செக்‌ஷன் இருக்கு. உலகத்துலயே இல்லாத செடியைப் பறிகொடுத்தவங்களுக்கு நான் எந்தச் செக்‌ஷன்ல போய்த் தேடறது?"