அன்று அவள் மூக்கைப் பொத்தவில்லை

“இன்னைக்கும் எங்கப்பா முன்னாடி முந்தானையால மூக்கப் பொத்தினீங்கன்னா, நானும் ஒங்க மகனும் பத்து காஜா டவுனுல தனி வீடு பாத்துப் போயிருவோம் அத்தே. சொல்லிட்டேன்...”

ஞாயிற்றுக்கிழமை காலை, பசியாறக்கூட உட்காராமல் எல்ஸி இதைச் சொன்னாள். மங்களம் தேத்தண்ணிக் குவளையை மேசையில் வைத்தாள். மகன் அர்ச்சுனன் சுவரைப் பார்த்தான். பேச வேண்டிய நேரத்தில் சுவரைப் பார்ப்பதில் அவன் கெட்டிக்காரன்.

மருமகளின் கோபத்திலும் நியாயம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், கல்யாணத்தன்று, மாதா கோவிலில் சாம்பிராணிப் புகை எழுந்ததும் மங்களம் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். எல்ஸியின் அப்பா சவரிநாதன் அதை இன்னும் மறக்கவில்லை. வீட்டில் மீன் சுட்டாலும் அதே மூக்கு, அதே முந்தானை. “எங்க சாமியும் நாறுது, எங்க சாப்பாடும் நாறுது, அப்படித்தானே?” என்று எல்ஸி எத்தனையோ முறை கேட்டு அழுதிருக்கிறாள்.

“பொத்த மாட்டேம்மா,” என்றாள் மங்களம். “சத்தியமா.”

சவரிநாதனின் அறுபதாவது பிறந்தநாள் விருந்து அன்று மதியம், ஈப்போவில் புதிதாகத் திறந்த பார்பிக்யூ கடையில். மேசைக்கு மேசை கரியடுப்பு. மேடையில் நாலு பேர் கிதாரும் டிரம்முமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

சவரிநாதன் தன் கையாலேயே கோழியைச் சுட்டு மங்களத்தின் தட்டில் வைத்தார். “சாப்பிடுங்க சம்பந்தி. கோழிதான், மாடு இல்ல.” அந்தக் கடைசிச் சொல் குத்தியது.

கொழுப்பு சொட்டச் சொட்டப் புகை எழுந்தது. மங்களம் முந்தானையை மடியில் சுருட்டி இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். கண்ணில் நீர் வழிந்தது. எல்ஸி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பாட்டு முடியட்டும், இன்னும் ஒரு பாட்டு முடியட்டும்... மகனும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது?

மூன்றாவது பாட்டில் இருமல் வெடித்தது. குனிந்தவளால் நிமிர முடியவில்லை. உதடு நீலம் பாரித்தது.

டிரம் நின்றது. வாசித்துக்கொண்டிருந்த நரைத்த மனிதர் குச்சியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். முன்பு ரப்பர் தோட்டத்தில் மங்களத்தோடு வேலை செய்த பழனியப்பன்.

“மங்களக்கா, இந்தப் புகையில ஏன்க்கா உக்காந்திருக்கீங்க?” அர்ச்சுனனிடம் திரும்பினார். “என்னாலா தம்பி, தெரியாதா ஒனக்கு? ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுற கூடத்துல பதினோரு வருசம் நாங்க வெந்தோம். நெஞ்சு கெட்டுப்போச்சு, வெளிய வந்துருன்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் இவங்ககிட்ட அன்னைக்கே சொன்னாரு. இவங்க கேக்கல. பால் எடுக்க மரம் வெட்டப் போனா மழை நாள்ல சம்பளம் இல்ல, புள்ள படிப்பு நின்னுரும்னாங்க.”

அர்ச்சுனன் பார்க்க அங்கே சுவர் இல்லை. “ஏம்மா சொல்லல?”

“சொன்னா நீ படிப்ப விட்டுட்டு பால்வெட்டுக்கு வந்திருப்பே... அப்புறம் சொல்லி என்னாத்துக்கு?”

எல்ஸி அத்தையைத் தாங்கிப் பிடித்து வெளியே கடை வாசல் அஞ்சடி நடைபாதைக்குக் கூட்டி வந்தாள். சவரிநாதன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

“அன்னைக்குக் கோவில்லயும் இதானா சம்பந்தி? நான் ரெண்டு வருசமா...” நாற்காலியைப் போட்டு மங்களத்தை உட்கார வைத்தார்.

எல்ஸி தரையில் உட்கார்ந்தாள். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தே... மூச்சு நின்னிருந்தா? ஏன் பொத்தாம இருந்தீங்க?”

“நீ வீட்ட விட்டுப் போறேன்னியேம்மா.”

மங்களத்தின் கையில் அந்த முந்தானை இன்னும் சுருண்டு கிடந்தது. எல்ஸி அதை மெல்லப் பிரித்தாள். அத்தையின் கண்ணைத் துடைத்தாள். பிறகு அதிலேயே தன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.