நாற்பது நாள் புளிப்பு

செவ்வாய்க் குடியிருப்பில் காலை ஆறு மணிக்குக் காற்று மாற்றுவார்கள். பழைய காற்றை உறிஞ்சிப் புதியதை விட மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை எல்லோரும் மூச்சுமூடி மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். வாயைத் திறக்க முடியாத அந்த மூன்று நிமிடம்தான் அபரஞ்சிக்கு நாளிலேயே நல்ல நேரம்.

மூடியைக் கழற்றியதும் அவள் கணவர் குழந்தைவேலு ஆரம்பித்துவிடுவார்.

"இன்னிக்குக் காத்து நேத்தைவிடப் பழசா இருக்கே."

பாசிமாவு தோசை பிய்கிறது. ஈர்ப்பு குறைவு, காப்பி நுரை அடங்குவதில்லை. வானத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. "ரெண்டு நிலா இருந்து என்ன, ஒண்ணுக்காவது வட்டமா இருக்கத் தெரியுதா?"

இருபத்தாறு வருடம் கேட்டாள். பிறகு ஒரு நாள் பெட்டியைக் கட்டினாள். "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வர்றவரைக்கும் நான் எங்க அக்கா வீட்டுலயே இருந்துக்கறேன்."

வழியனுப்பப் போன குழந்தைவேலு, சுரங்க ரயில் இரண்டு நிமிடம் தாமதம் என்றார். வேறு எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் நாள், தோசையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்துவிட்டு எதிரே காலி நாற்காலியைப் பார்த்தார். சாப்பிடாமலே எழுந்து மருத்துவமனைக்குப் போனார்.

காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு சில்லு வைத்தார்கள். நாக்குத்தடுப்பான் என்று பெயர். மனதில் குறை கிளம்பினால் அது நாக்கில் புளிப்பேற்றும்.

"வலிக்குமா டாக்டர்?"

"வலிக்காது. புளிக்கும்."

முதல் வாரம் பச்சைப் புளியங்காயைக் கடித்தவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டே திரிந்தார். பேசாதிருக்கும் நேரத்தில் பார்க்கப் பழகினார். தோசை அப்படியொன்றும் மோசமில்லை. கோணல் நிலாவும் ஒரு மாதிரி அழகாகத்தான் இருந்தது. நாற்பதாம் நாள் சில்லை எடுத்துவிட்டார்கள், குறை சொல்லும் பழக்கம் நின்றுவிட்டது. அபரஞ்சியைத் தொலைபேசியில் அழைத்து, "எல்லாம் நல்லா இருக்கு, நீதான் இல்ல" என்றார்.

அன்றே வந்துவிட்டாள். இரண்டு நாள் பூரித்துப் போனாள். மூன்றாம் நாள் லேசாக இடித்தது. நான்காம் நாள் வேண்டுமென்றே சாம்பாரில் உப்புப் போடவில்லை.

"இதமா இருக்கு" என்றார் அவர்.

"என் தம்பியைப் பத்தி என்ன நினைக்கறீங்க?"

"தங்கமான மனுஷன்."

மறுநாள் அபரஞ்சி நலவாரியத்துக்குப் போய் ஒரு மணி நேரம் காத்திருந்து, முகப்பில் இருந்த இயந்திர எழுத்தரின் முன் உட்கார்ந்தாள்.

"என் வீட்டுக்காரர் எதுக்குமே குறை சொல்ல மாட்டேங்கறார்."

"நல்ல விஷயம்தானே, அம்மா?"

"நல்லதுதான். ஆனா நான் சொல்றது அவருக்குக் காதுல விழுதா இல்லையான்னே தெரியலையே. நீயும் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கற. உக்கார வெச்ச நாற்காலி ஆடுது. ஒரு மணி நேரமா ஒருத்தர் என்னன்னு கேக்கல. எங்க அக்கா வீட்டுப் பக்கம் இருக்கற வாரியத்துல இப்படியா இருக்கு?"

இயந்திரம் பொறுமையாகக் கேட்டு முடித்தது.

"இதுவரை ஐந்து குறைகள் சொல்லியிருக்கிறீர்கள். எதை முதலில் பதியட்டும்?"

அபரஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் எங்க குறை சொன்னேன்? உள்ளதைத்தானே சொன்னேன்."