செம்பா அறியாத மனிதர்

யானைக் கொட்டடிக்குள் நேராக நுழைந்துவிடக் கூடாது. கம்பிக்கு வெளியே நின்று, கையை நீட்டிக் காத்திருக்க வேண்டும். நஞ்சப்பன் தினமும் காலையில் அப்படித்தான் நின்றார். செம்பா முதலில் காதுகளை விரித்துப் பின்வாங்கும். பிறகு தும்பிக்கை தயங்கித் தயங்கி நீண்டு, அவருடைய உள்ளங்கையையும் கழுத்தையும் முகரும்.

“நான்தான் சாமி, நஞ்சப்பன். உனக்குச் சோறு போடறவன்.”

வெயில் ஏறுவதற்குள் அது அவர் தோளில் தும்பிக்கையைப் போட்டுக்கொண்டு நடக்கும். மாலையில் அவர் கிளம்பினால் சட்டையைப் பிடித்து இழுக்கும். மறுநாள் காலையில் மறுபடியும் காதுகளை விரித்துப் பின்வாங்கும். ஆறு வருடங்களாக இதே கதைதான்.

கோவை முழுக்க விலங்குகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. காந்தவிரிப்பு வந்த பிறகு ஊரில் ஒரு மின்கம்பிகூட இல்லை. சாலைக்கடியிலும் சுவருக்குள்ளும் பரவிக் கிடந்த காந்தப்புலத்தை உறிஞ்சியே வண்டிகள் ஓடின, விளக்குகள் எரிந்தன. மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விரிப்புக்குள் தூங்கும் விலங்குகளின் மூளையில், பகலில் கற்றது எதுவும் பதியவில்லை. பழைய நினைவுகள் மட்டும் அப்படியே நின்றன. நாய்கள் வளர்த்தவர்களையே பார்த்துக் குரைத்தன. பசுவுக்குக் காலைதோறும் அதன் கன்றையே காட்டி முகரவிட வேண்டியிருந்தது. சில காலம் இதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பழகிவிட்டது. விளக்கை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை.

செம்பா குட்டியாக இருந்தபோது மலையடிவாரத்தில் ஒரு பாழுங்கிணற்றில் விழுந்து காலை முறித்துக்கொண்டது. மேலே தூக்குவதற்குள் அதன் யானைக்கூட்டம் மலை தாண்டிப் போய்விட்டது. அதைக் கொண்டுவந்து சேர்த்த மறுவாழ்வு முகாம் விரிப்புக்குள் இருந்தது. அதனால் செம்பாவுக்கு அம்மா நினைவில் இருந்தாள், மலை நினைவில் இருந்தது. பொழுது சாயும்போது மேற்கே திரும்பி நின்று அடித்தொண்டையில் கூப்பிடும். இரவெல்லாம் கண்விழித்து அதன் காலுக்கு மருந்து கட்டிய நஞ்சப்பன்தான் நினைவில் இல்லை. ஒரே ஒரு நாள் காலையில், தான் கையை நீட்டுவதற்கு முன்பே அது தன்னிடம் வர வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

ஒரு நாள் முகாம் மருத்துவர் நஸ்ரீன் மூச்சிரைக்க வந்தார்.

“அண்ணா, கூட்டம் திரும்பி வந்திருச்சு! செம்பாவோட அம்மாவும் இருக்கா, காது கிழிஞ்சிருக்கே, அத வெச்சுக் கண்டுபிடிச்சுட்டாங்க. நாளன்னைக்கு செம்பாவ லாரில ஏத்திறலாம். விரிப்புக்கு வெளிய ரெண்டு மூணு நாள் வெச்சிருந்து விட்டுறலாம்.”

நஞ்சப்பன் வைக்கோலைக் கீழே போட்டார். “வெளிய தூங்குனா, பதியுமுங்களா டாக்டரம்மா?”

“பதியும். நீங்க கூட வந்தா, மறுநாள் காலைல உங்களப் பாத்ததுமே தெரிஞ்சுக்கும்.”

நஸ்ரீன் குரலைத் தாழ்த்தினார்.

“ஆனா அப்புறம் மறக்காதுண்ணா. கூட்டத்தோட போனாலும் உங்களத் தேடி ஊருக்குள்ள எறங்கும். எறங்குன யானைக்கு என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.”

“கெளம்பறப்ப மட்டும் ஒருக்கா பாத்துக்கட்டுமுங்களா?”

“அன்னைக்கு முழிச்சப்புறம் பாக்கறது எல்லாமே பதிஞ்சுரும். அன்னைக்கு ராத்திரி அது வெளியதானே தூங்கும், எங்க தூங்குதுங்கறதுதான் கணக்கு. வர வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். உங்க விருப்பம்.”

கடைசி மாலையில் அவர் வழக்கத்தைவிட நேரம் கழித்துக் கிளம்பினார். செம்பா சட்டையைப் பிடித்து இழுத்தது. அவரும் விடுவித்துக்கொள்ளாமல், அதுவாக விடும்வரை நின்றார்.

மறுநாள் காலையில் மாற்று வேட்டியோடு பையை எடுத்துக்கொண்டுதான் முகாமுக்கு வந்தார். லாரி தயாராக நின்றது. மனித வாடை பதியாமலிருக்க உடையில் யானை லத்தியைப் பூசி, முகத்தை மூடிய ஆட்கள் கொட்டடியைத் திறந்தார்கள். பத்தடி நடந்தால் போதும், செம்பா அவரைப் பார்த்துவிடும். நஞ்சப்பன் தீவனக் கிடங்குச் சுவருக்குப் பின்னால் நின்றார். பையின் பிடியை இறுக்கிப் பிடித்தார். ஓரடிகூட முன்னே வைக்கவில்லை.

வெளியே வந்த செம்பா காற்றில் தும்பிக்கையைத் தூக்கித் துழாவியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அது தும்பிக்கையை இறக்கிக்கொண்டு லாரியில் ஏறியது.

சில நாள் கழித்து நஸ்ரீன் கைபேசியில் அழைத்தார். “சேர்ந்திருச்சுண்ணா! அம்மாவப் பாத்ததும் கத்துன கத்துல எங்க எல்லாத்துக்கும் கண்ணு கலங்கிப்போச்சு.”

“யாரையாச்சும் தேடுச்சுங்களா?”

“இல்லண்ணா. ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல.”

“நல்லதுங்க டாக்டரம்மா. அப்படித்தான் இருக்கோணும்.”

அழைப்பு முடிந்த பிறகும் வெகுநேரம் கைபேசியைக் காதிலேயே வைத்திருந்தார். பிறகு காலியான கொட்டடியின் ஓரமாக உட்கார்ந்து, சேறு அப்பிய குட்டியாக அதை முதன்முதலில் பார்த்த நாளிலிருந்து ஒவ்வொன்றாக, எதையும் விட்டுவிடாமல், நினைத்துப் பார்க்கத் தொடங்கினார்.