மூன்றாவது படியில்

அண்ணன் கதவைப் பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்த்தான். படியிறங்கி வந்தவன் மூன்றாவது படியிலேயே நின்றுவிட்டான்.

"வாண்டு, பூட்டினேனா?"

ஒன்பது வயது வாண்டுவுக்கு நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. இத்தனை நாளும் "பூட்டிட்டண்ணா, பூட்டிட்டண்ணா" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொன்னவள் அவள்தானே. சொன்னதும் அண்ணன் முகம் தெளியும். நாலு படி இறங்கியதும் மறுபடி கேட்பான், மறுபடி ஏறிப் போய் இழுத்துப் பார்ப்பான். போன மாதம் அப்படி ஏறி இறங்கியே பஸ்ஸைத் தவறவிட்டான், நீச்சல் போட்டியும் போயிற்று. அன்று அவன் அழுததைப் பார்த்து அவளும் அழுதாள்.

"இது எண்ணச் சுழற்சி நோய்மா. அவன் வேணும்னு செய்யல" என்று அண்ணனுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா அவளிடம் விளக்கியிருந்தார். "நீ பதில் சொல்லச் சொல்ல அந்தச் சந்தேகத்துக்குத் தீனி போடுற. திரும்பிப் போய்ப் பாக்காம, பயத்தோட இருந்து பழகணும். பழகப் பழகக் குறையும்."

அண்ணனே அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். "நான் கெஞ்சினாலும் சொல்லிடாத."

இன்று மறுபடியும் போட்டி. பஸ் வரப் பத்து நிமிடம்தான் இருந்தது.

"ஒரே ஒரு தடவை சொல்லேன்." அண்ணன் கெஞ்சினான்.

"அதுக்குப் பதில் சொல்ல மாட்டேன். உன்ன விட்டுட்டுப் போகவும் மாட்டேன்" என்று அவனை உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு இரக்கமே இல்ல."

"இருக்கு. அதான் உக்காந்திருக்கேன்."

கீழ்வீட்டுத் தையல்காரரின் மெஷின் கடகடவென்று ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. வாண்டு மெல்லக் கேட்டாள்.

"அண்ணா, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. தினமும் உனக்கு இப்படித்தான் இருக்குமா?"

"இதைவிட நூறு மடங்கு" என்றவன், அவள் திருதிருவென விழிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அவன் சிரித்து எத்தனை நாளாயிற்று!

மெஷின் அடுத்த முறை நின்றபோது எழுந்தான். "வா, போலாம்."

"பயம் போயிடுச்சா?"

"பாதி இருக்கு. அதுவும் கூட வரட்டும். அதுக்கு டிக்கெட்டா எடுக்கப் போறோம்?"

இருவரும் ஓடினார்கள். தெருமுனையில் ஒருத்தர் மட்டும் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அது அண்ணன் இல்லை, வாண்டு.

அண்ணன் அவள் தலையைப் பிடித்து முன்பக்கமாகத் திருப்பிவிட்டான். "பஸ் வருது பாரு."