நாலுக்குத் திட்டத் தெரியும்

சரிதா வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பெயர் நாலு.

வயது நாலு என்று நினைத்துவிடாதீர்கள். வயதில் அது சரிதாவுக்கே மூத்தது. மிஷன் வீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது அப்பா அதை வாங்கி வந்தார். அங்கே அது நாலாம் நம்பர் கேபினில் இருந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த '4' ஸ்டிக்கரை எவ்வளவு சுரண்டியும் எடுக்க முடியவில்லை. எடுக்க முடியாததைப் பெயராகவே வைத்துவிடுவோம் என்று வீட்டில் முடிவு செய்தார்கள்.

அந்தக் கேபினுக்குப் பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள்தான் வருவார்களாம். அதனால் நாலுக்குப் பிரெஞ்சு கீபோர்டு. உள்ளே இங்கிலீஷுக்கு மாற்றியிருந்ததால், அதில் 'க்யூ' என்று எழுதிய பட்டனை அமுக்கினால்தான் 'ஏ' விழும். மறக்காமல் இருக்க அக்கா அதன்மேல் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள். அவர்கள் இருந்த குருசுக்குப்பத்திலேயே பொட்டு வைத்த கம்ப்யூட்டர் அது ஒன்றுதான்.

ஆனால் நாலு தெருவில் பேர் வாங்கியது இதற்காக அல்ல. நாலு திட்டும்.

ஆன் செய்தால், "வந்துட்டியா? வீட்டுப்பாடம் முடிச்சியா?" என்று கேட்கும்.

தப்பான எதையாவது அமுக்கினால், "அய்ய! இன்னாத்த அமுக்குன? கைய எடு!" என்று கத்தும்.

அணைத்தால், "போதும் போ, எருமை. கண்ணு கெட்டுப்போவும்" என்று சொல்லிவிட்டுத்தான் அணையும்.

எல்லாம் சத்யப்பிரியா அக்காவின் குரல். பாலிடெக்னிக் லீவில் ஒருநாள், "இந்த டிங்கு டிங்குனு கேட்டு கேட்டுப் போரடிக்குதுடி" என்று சொல்லி, ஒரு காது மட்டும் வேலை செய்கிற ஹெட்செட்டில் தன் குரலைப் பதிவு செய்து, நாலின் சத்தங்களையெல்லாம் மாற்றிவிட்டாள்.

இப்போது அக்கா வீட்டில் இல்லை. சென்னைக்கு அந்தப் பக்கம் ஒரு போன் கம்பெனியில் வேலை. அங்கேயே ஹாஸ்டல். நாள் முழுக்க போன் தயாரிக்கிற வேலை. ஆனால் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. மீன் பிடிக்கிற வீட்டில் மீன் தின்னக் கூடாது என்று சொல்வதைப் போல இருக்கிறதே என்று அப்பா முத்துவேல் ரொம்ப நாள் யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் பட்டன் போனில் அக்கா கூப்பிடுவாள். அம்மா அஞ்சலாட்சி "சாப்ட்டியா?" என்று கேட்பாள். காலையில் சாப்பிட்டதைத் தனியாக, மதியம் சாப்பிட்டதைத் தனியாக, நேற்று ராத்திரி சாப்பிட்டதைத் தனியாகக் கேட்டு முடித்த பிறகு போன் சரிதாவிடம் வரும்.

"நல்லா படிக்கிறியாமா? உடம்பப் பாத்துக்கோமா" என்பாள் அக்கா.

முதல் தடவை கேட்டபோது சரிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'மா'வா? வீட்டில் இருந்தவரை 'எருமை' என்றுதானே கூப்பிடுவாள்? போகும் வழியில் யாரோ அக்காவை மாற்றிவிட்டு, மரியாதையான வேறொரு அக்காவை ஹாஸ்டலில் இறக்கிவிட்டது போல இருந்தது.

நிஜ அக்கா நாலுக்குள் மட்டும்தான் இருந்தாள்.

அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சரிதா நாலின் முன்னால் உட்கார்ந்து தப்புத் தப்பாக அமுக்குவாள்.

"இன்னாத்த அமுக்குன? கைய எடு!"

இன்னொரு தடவை.

"இன்னாத்த அமுக்குன? கைய எடு!"

"எப்பப் பாரு தப்பாவே அமுக்கினு இருக்கியே, இன்னாடி ஆச்சு உனக்கு?" என்பாள் அம்மா.

"பழகிக்கிறேம்மா" என்பாள் சரிதா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போனில், "லீவு தரலம்மா. பொங்கலுக்குத்தான் வர முடியும்" என்றாள். பிறகு, "உங்க மூஞ்சியெல்லாம் பாக்கணும் போல இருக்குது" என்றாள்.

போனை வைத்துவிட்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். காலையிலேயே ஆய்ந்து வைத்த சங்கரா மீனை எடுத்து, மறுபடியும் முதலிலிருந்து ஆய்ந்தாள்.

அதைப் பார்த்த சரிதா, எப்படியாவது வீடியோ காலில் அக்காவைக் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

அப்பாவின் டச் போன் போன மாசம்தான் கடல் தண்ணீர் குடித்திருந்தது. இன்டர்நெட் வந்தது. ஆனால் கேமராவில் எல்லாரும் மார்கழிப் பனிக்குள் நிற்பது போலத் தெரிந்தார்கள். மிச்சம் நாலுதான். நாலின் தலையில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய கேமரா ஒன்று இருந்தது.

அப்பா போனிலிருந்து நெட் கொடுத்து, சரிதா வீடியோ கால் பக்கத்தைத் திறந்தாள். 'உங்கள் கம்ப்யூட்டர் மிகவும் பழையது. இதில் இயங்காது' என்று வந்தது.

"கைய எடு!" என்றது நாலு. அக்காவின் முகத்தை அக்காவின் குரலே வாசலில் நிறுத்தி விரட்டியது.

எதிர்வீட்டு தமிழ்மாறன் அண்ணனைக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அதனால் தெருவில் எது ஓடாவிட்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மிக்ஸியும் அதில் சேர்த்தி.

"ஓ.எஸ். பழசாயிடுச்சி பாப்பா" என்றான்.

"ஓ.எஸ்.னா?"

"உள்ள ஒரு மேனேஜர் இருக்காருனு வச்சிக்கோ. அவர்தான் கீபோர்ட, கேமராவ, எல்லாத்தையும் வேலை வாங்கறாரு. அவருக்கு வயசாயிடுச்சி. வீடியோ கால்னா இன்னானே தெரியல. அவர அனுப்பிட்டுப் புது மேனேஜரப் போடணும்."

"அந்த மேனேஜருக்குத்தான் திட்டத் தெரியும்" என்றாள் சரிதா.

"புதுசு போட்டா பழசு எல்லாம் அழிஞ்சிடும். வேணுங்கிறத பென் டிரைவ்ல எடுத்து வச்சிக்கோ. நாளைக்கு வர்றேன்."

சரிதா அன்று சாயந்திரம் முழுக்க நாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் 'சத்யா சத்தம்' என்று ஒரு போல்டர் படம் இருந்தது. அதன் கீழ் மூலையில் அழகுக்கு ஒரு குட்டி அம்பு. அதை அப்படியே பென் டிரைவில் போட்டாள். கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு குரலும் இவ்வளவு சீக்கிரம் எப்படிப் போனது என்று அவள் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாம். படவில்லை.

மறுநாள் தமிழ்மாறன் வந்தான். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் முறுக்கு தின்றுகொண்டே இருந்தான். அப்பா மட்டும் அலுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வலை போட்டுவிட்டுக் காத்திருக்கிறவருக்கு வட்டமெல்லாம் ஒரு விஷயமா?

கடைசியில் புது மேனேஜர் கண் விழித்தார்.

"டிங்" என்றது நாலு. ரொம்ப மரியாதையாக.

சரிதா ஓடிப்போய்ப் பென் டிரைவைச் செருகி, போல்டரை அமுக்கினாள். 'நீங்கள் தேடுவது இங்கே இல்லை' என்று வந்தது.

"டிங்."

தமிழ்மாறன் எட்டிப் பார்த்தான். "பாப்பா, இந்த அம்பப் பாத்தியா? இது போல்டர் இல்ல, ஷார்ட்கட். போல்டருக்குப் போற வழி. நீ வழிய மட்டும் எடுத்து வச்சிருக்க."

"வழி இருந்தா போலாமில்ல அண்ணா?"

"போற எடத்ததான் நான் இப்ப அழிச்சிட்டேனே."

சொல்லிவிட்டு அவன் கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தான். அவன் முறுக்கைப் பாதியில் வைத்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

சரிதா அழவில்லை. தப்பான பட்டன் ஒன்றை அமுக்கிப் பார்த்தாள். டிங். இன்னொன்றை அமுக்கினாள். டிங். இப்படி ஒரு நல்ல பிள்ளையோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

ஞாயிற்றுக்கிழமை நாலின் திரையில் அக்கா வந்தாள்.

அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தாள். "எளச்சிட்டியேடி! சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா." அக்காவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "இந்த வாரம் ரெண்டு வாட்டி கம்பெனி பஸ்ஸ விட்டுட்டேன். அலாரம் அடிக்கிறதே காதுல உழல. வீட்ல திட்டித் திட்டி எழுப்புவீங்க. இங்க திட்டறதுக்கு யாரும் இல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை.

"நாலு இன்னும் திட்டுதா?" என்று கேட்டாள். "அது அங்க கத்தினு இருக்கும், நானும் வீட்லதான் இருக்கேன்னு நெனச்சிப்பேன்."

சரிதா பொட்டு வைத்த பட்டனைத் தடவினாள். "போயிடுச்சிக்கா. நான்தான் தொலச்சிட்டேன். அம்பப் பாக்காம வழிய மட்டும் எடுத்து வச்சிட்டேன்."

நிஜ அக்காவாக இருந்தால் இந்நேரம் கூரை பறந்திருக்கும். சரிதா அதற்காகவே காத்திருந்தாள்.

"பரவால்லமா" என்றாள் அக்கா.

எந்தத் திட்டும் சரிதாவுக்கு இவ்வளவு வலித்ததில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்த ஒரு வரியே காதில் சுற்றியது. திட்டறதுக்கு யாரும் இல்ல. நாலைப் போலவேதான் அக்காவும் இருக்கிறாள் என்று சரிதாவுக்குத் தோன்றியது. இரண்டு பேருக்கும் திட்டு இல்லை, வெறும் 'டிங்'தான்.

வீட்டுக்கு வந்ததும் ஹெட்செட்டை மாட்டினாள். புது மேனேஜரிடம் குரல் பதிவு செய்கிற இடத்தைத் தேடிப் பிடித்தாள். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

"ஏய் சத்யா! எருமை! எந்திரி! பஸ்ஸு இன்னா உன் மாமன் வூட்டு வண்டியா, உனக்கோசரம் நிக்கறதுக்கு? இழுத்துப் போத்தினு படுத்திருக்கிறதப் பாரு! எந்திரிடி!"

அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள். "யார்டி அது, அக்காவ டீ போட்டுக் கூப்பிடறது? தொடப்பத்த எடுத்துனு வந்தன்னா பாரு!"

அதுவும் சேர்ந்து பதிவானது. சரிதா அதை வெட்டவில்லை. பொட்டு வைத்த பட்டனை இரண்டு தடவை தட்டி 'அக்கா' என்று ஆங்கில எழுத்தில் மெயிலின் மேலே எழுதினாள். 'இத அலாரமா வச்சிக்கோ' என்று கீழே எழுதி அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை அம்மாவின் பட்டன் போன் அடித்தது. புதன்கிழமையில் அக்கா ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"எங்கமா அந்த எருமை? குடு அவகிட்ட!"

அம்மா போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு சரிதாவிடம் நீட்டினாள்.

"அறிவிருக்காடி உனக்கு? விடியறதுக்கு முன்ன ரூம்ல இருக்கிற எல்லாப் பொண்ணும் அலறி அடிச்சி உக்காந்துட்டாளுங்க! தொடப்பம்னு அம்மா கொரல் கேட்டதும் நான் பாதித் தூக்கத்துல எந்திரிச்சிப் பல்லு வெளக்கிட்டேன்! பஸ்ஸே வரல, நான் போய் நிக்கறேன்!"

சரிதா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அக்கா, இன்னும் கொஞ்சம் திட்டேன்."

அந்தப் பக்கம் அக்கா சிரித்தாள். இந்தச் சிரிப்பு நின்றது.

சனிக்கிழமை நாலுக்கு ஒரு மெயில் வந்தது. உள்ளே புதுப் புதுக் குரல்கள். அக்காவோடு சேர்ந்து ரூமில் இருக்கிற பெண்கள் எல்லாரும் ஆளுக்கொன்றாகத் திட்டியிருந்தார்கள். தேனிக்காரி ஒருத்தி, "ஏ பிள்ள, என்னத்த அமுக்குற?" என்றாள். தர்மபுரிக்காரி ஒருத்தி திட்டப் போய்ச் சிரித்துவிட்டாள். கடைசியாக இருந்தது அக்கா.

சரிதா முதலில் மூலையில் அம்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பென் டிரைவில் ஒரு நகல் போட்டாள். பென் டிரைவைப் பிடுங்கி, மறுபடி செருகி, திறந்து கேட்டும் பார்த்தாள். அப்புறம்தான் புது மேனேஜரிடம் ஒவ்வொரு சத்தமாக மாற்றினாள்.

ஒரு பட்டனைத் தப்பாக அமுக்கினாள்.

"அய்ய! இன்னாத்த அமுக்குன? கைய எடு!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மறுபடியும் தப்பா அமுக்க ஆரம்பிச்சிட்டியா?"

"ஆமாம்மா."

அம்மா நாலின் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்க, இன்னொரு வாட்டி அமுக்கு."

சரிதா நிதானமாக, ரொம்பச் சரியாக, தப்பான பட்டனை அமுக்கினாள்.