முந்திரியின் கயிறு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தேவசகாயத்தின் துப்பறியும் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்ததும் ஜொஹரா பீவி கூடையிலிருந்து ஒரு காங்கிரீட் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளங்கை அகலம் இருந்தது. ஒரு பக்கம் வெள்ளைப் பெயிண்ட், மறுபக்கம் துருவேறிய கம்பியின் பழுப்புத் தடம்.

"எம்பொண்ணு ரூமானா தலப்பிரசவத்துக்கு வர்றாண்ணே. அவளுக்குன்னு ஒழிச்சு வச்ச ரூமு. கூர பேந்து கட்டிலு மேலயே வுழுந்து கெடக்கு. பச்சப்புள்ளைய எங்க படுக்க வைக்கறது?"

சிதம்பரத்தை ஒட்டி வரிசையாகக் கட்டி விற்ற இருபது வீடுகளில் ஒன்று அவருடையது. கணவர் உபைதுல்லா குவைத் வெயிலில் உழைத்து வாங்கியது. சாவி கைக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. கட்டிக்கொடுத்த சபாபதியோ, "மாடியில தொட்டி தொட்டியா செடி வச்சு தண்ணி ஊத்துறீங்க. அதோட என் காரண்டி ஒரு வருஷந்தான்" என்று கையை விரித்துவிட்டார்.

"ஒரு வருஷமா? அஞ்சு வருஷம் சார்!" என்று துள்ளினாள் தேவசகாயத்திடம் வேலை பார்க்கும் சுவேதா. வக்கீலாகப் பதிவு செய்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சட்டம் எப்போதும் அவள் நாக்கு நுனியில் நின்றது.

தேவசகாயம் காங்கிரீட் துண்டைப் புரட்டிப் பார்த்தார். காப்பீட்டு நிறுவனத்தில் சேதம் மதிப்பிட்டு ஓய்வு பெற்றவர், இப்போது துப்பறிகிறார். அவசரம் என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. "சட்டம் நம்ம பக்கந்தாம்மா. ஆனா பழுது அவரு வேலையால வந்ததுன்னு காட்டணுமே. செடித் தண்ணியாலன்னு ஆச்சுன்னா அவரு நழுவிடுவாரு."

சிதம்பரம் போனதும் சுவேதா நேராக மாடியேறினாள். தொட்டிகள் சரியாக அந்த அறைக்கு மேலேதான் இருந்தன. கீழே ஓடிவந்தால் தேவசகாயம் ஒரு ஆட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பண்ருட்டிச் சந்தையில் வாங்கிய பழுப்பு வெள்ளாடு அது. பெயர் முந்திரி. மதில் ஓரத்து முளையில் கட்டி, முன்னால் தழையும் போட்டிருந்தது. அது தழையைத் திரும்பியும் பார்க்காமல், கழுத்து இறுகக் கயிற்றை இழுத்துக்கொண்டு வீட்டுச் சுவரை நக்கியது.

"அதுக்கு இந்த செவுத்து மேல பைத்தியம்ணே. பெயிண்ட்ட நக்கியே எடுத்துருச்சு. எவ்ளோ அதட்டுனாலும் கேக்கல" என்றார் ஜொஹரா பீவி.

"மதில் யாரு கட்டுனது?"

"எந்தம்பி யூசுப்பு. போன வருஷம் வேற கொத்தனார வச்சு கட்டிக்குடுத்தான்."

"அதுக்கு எந்தத் தண்ணி?"

"எல்லாத்துக்கும் நம்ம போர் தண்ணிதான். செடிக்கும் அதுதான்."

ஆட்டை விசாரிக்கவா இத்தனை தூரம் பஸ் பிடித்து வந்தோம் என்று சுவேதாவுக்கு எரிச்சலாக இருந்தது. தேவசகாயம் ஆட்டை அவிழ்த்து மதிலருகே கொண்டுபோனார். அது மதிலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பிறகு அவர் வீட்டுச் சுவரிலிருந்து உதிர்ந்த பூச்சில் கொஞ்சம் பொறுக்கித் தாளில் மடித்தார்.

மறுநாள் எல்லோரும் ஜொஹரா பீவியின் கூடத்தில் கூடினார்கள். சபாபதி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"எந்த ஊரு மணல் போட்டீங்க?" என்றார் தேவசகாயம்.

"சேத்தியாத்தோப்பு சார். வெள்ளாத்து மணல், நயம் சரக்கு."

"நல்லது. அந்த ஆடு ஏன் உங்க செவுத்த நக்குது?"

சபாபதி சிரித்தார். தேவசகாயம் சிரிக்கவில்லை. "ஆடு உப்புக்கு அலையும். உப்பு தண்ணியிலேருந்து வந்துருந்தா, அதே போர் தண்ணியில கட்டுன மதிலயும் நக்கணும். கடல் காத்துல வந்துருந்தாலும் அப்படித்தான். மதில அது சீண்டல. அப்போ உப்பு உங்க கலவைக்குள்ள இருக்கு. அதுதான் கூரைக்குள்ள கம்பிய அரிச்சு, துரு உப்பி, காங்கிரீட்ட ஒடச்சுத் தள்ளுது."

தாளைப் பிரித்து நீட்டினார். பூச்சுத் தூளில் வெள்ளை வெள்ளையாகக் கடல் சிப்பித் துணுக்குகள் மின்னின. "சேத்தியாத்தோப்புல கடல் எப்பங்க வந்துச்சு?"

சபாபதியின் கால் தானாகக் கீழே இறங்கியது. "அந்த நேரம் மணல் தட்டுப்பாடு சார். ஒரு லாரிக்காரன் முகத்துவாரத்துலேருந்து கொண்டாந்தான். கழுவித்தான் போடச் சொன்னேன்..." என்று இழுத்தார்.

"இப்ப நான் பேசலாமா சார்?" என்றாள் சுவேதா. தேவசகாயம் தலையசைத்ததும் மடை திறந்தது. "வூட்ட ஒப்படைச்சு அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டுமானத்துல பழுது தெரிஞ்சா, சொன்ன முப்பது நாளுக்குள்ள உங்க செலவுல சரி பண்ணணும். இல்லாட்டி நஷ்டஈடு. நீங்க ஒப்பந்தத்துல ஒரு வருஷம்னு போட்டுக்கிட்டதால அது இல்லன்னு ஆயிடாது. பண்றீங்களா, ரியல் எஸ்டேட் ஆணையத்துக்குப் போகவா?"

சபாபதி ஜொஹரா பீவியைப் பார்த்தார். "பண்ணித் தர்றேம்மா. மத்த வூடுங்களயும் என்ஜினியர வச்சுப் பாத்துடறேன்."

அந்த அறையின் கூரையை இடித்து ஆற்றுமணலில் புதிதாகப் போட்டார்கள். சுவர்களையும் உள்ளும் புறமும் சுரண்டிப் பூசினார்கள். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நாளில் இருவருக்கும் அழைப்பு வந்தது.

புதுக் கூரைக்குக் கீழே தொட்டிலில் குழந்தை தூங்கியது. இருவரையும் கண்டதும் ரூமானா எழுந்து நின்றாள். ஜொஹரா பீவி சுவேதாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அல்லா ஒங்கள நல்லா வைக்கணும்மா" என்று சொல்வதற்குள் அழுதுவிட்டார். சுவேதா கூரையில் விரிசல் ஏதும் தெரிகிறதா என்று அண்ணாந்து மூலைக்கு மூலை தேடினாள்.

"அங்க என்னம்மா பாக்குற? இங்க பாரு" என்று தேவசகாயம் ஜன்னலைக் காட்டினார்.

முந்திரி அதே முளையில்தான் இருந்தது. வீட்டுச் சுவருக்கு முதுகைக் காட்டிப் படுத்துத் தழையை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் கயிறு தரையில் தளர்ந்து கிடந்தது.