இரண்டு தட்டினால் நிறுத்து

தைப்பிங்கில் மழை பெய்யாத மதியம்தான் அதிசயம். அன்றும் வானம் கறுத்துக்கொண்டு நின்றபோது, இழுவை லாரி ஒன்று எங்கள் சந்துக்குள் பின்பக்கமாக வந்து, ஒரு பழைய இங்கிலீஷ் காரை பூன் தெய்க்கின் பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. வெளிர் பச்சைக் கார். உருண்டை முகம். ஒரு ஜன்னலில்கூடக் கண்ணாடி இல்லை. எல்லாவற்றையும் கழற்றி, கோணிப்பையில் சுற்றி, பின்னிருக்கையில் அடுக்கியிருந்தார்கள்.

நான் பக்கத்துக் கடையில் கார் இருக்கைகளுக்குத் தோல் தைப்பவன். பெயர் ஷுக்ரி. பூன் தெய்க் கண்ணாடிக்காரன். பழைய காருக்கு ரப்பர் மாற்ற வேண்டுமென்றால் ஈப்போவிலிருந்தே அவனைத் தேடி வருவார்கள். காரை வாங்கிய ஜமாலுடினுக்கு ஞாயிற்றுக்கிழமை மகள் கல்யாணம். மணமக்கள் இதில்தான் வர வேண்டுமாம். ஒரு சொட்டு மழையும் உள்ளே வரக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்.

பூன் தெய்க்கின் மனைவி கெய்க் சிம் ஜன்னல் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இந்த ரப்பர் தானா போகல. யாரோ கத்தியால அறுத்திருக்காங்க. அதுவும் அவசர அவசரமா."

"நீ வேலையப் பாரு. துப்பறியிறதெல்லாம் அப்புறம்" என்றான் பூன் தெய்க்.

"எல்லா வேலையும் நாந்தான் பாக்குறேன். நீ வெளிய நின்னு கையத்தான வச்சு அழுத்துற."

அது உண்மைதான். பழைய காரில் கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டுவதில்லை. கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதன் பள்ளத்தில் மெல்லிய கயிறு ஒன்றை ஓடவிட்டு, கயிற்றின் நுனிகளை உள்பக்கம் தொங்கவிடுவார்கள். சோப்புத் தண்ணீர் தடவி வெளியே ஒருவர் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றை இழுத்துக்கொண்டே வந்தால், ரப்பர் தகர விளிம்பைக் கவ்விக்கொள்ளும். ஒற்றை ஆளால் ஆகாத வேலை. தகரக் கூரையில் மழை அடிக்கும்போது உள்ளேயிருந்து பேசினால் கேட்காது என்பதால் கெய்க் சிம் கண்ணாடியில் தட்டுவாள். ஒன்று தட்டினால் அழுத்து. இரண்டு தட்டினால் நிறுத்து.

அவளுக்கு அப்போது ஐந்தாவது மாதம். எத்தனையோ கோயிலுக்கும் டாக்டருக்கும் நடந்து, இனி இல்லை என்று விட்ட பிறகு உண்டான பிள்ளை. இந்தக் கார்தான் கடைசி, அப்புறம் பிரசவம் முடியும்வரை பட்டறைப் பக்கம் வரக் கூடாது என்று பூன் தெய்க் சொல்லியிருந்தான்.

வியாழக்கிழமைக்குள் பின் கண்ணாடியைத் தவிர மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. நான் பழைய இருக்கையைப் பிரித்தேன். உள்ளே பஞ்சு இல்லை. சாம்பல் நிறக் களிமண் இறுகிக் கிடந்தது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு அது என்ன மண் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. சுரங்கம் தோண்டி ஈயம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன குட்டைகளின் அடிமண். அதன் வாடை விரலில் ஒட்டிக்கொண்டு, எத்தனை முறை கழுவியும் போகவில்லை.

ஜமாலுடினைப் பிடித்து உலுக்கியதில் விஷயம் வெளியே வந்தது. கார் ஒரு ஈயக்குட்டைக்குள் போயிருக்கிறது. ஓட்டிவந்த பெண் உள்ளேயே செத்துப்போனாள்.

"முங்குற வரைக்கும் அவ கண்ணாடியத் தட்டிக்கிட்டே இருந்தாளாம். கரையில நின்னவங்களுக்குக் கேட்டுச்சாம். வெளியே தூக்கினப்புறம் ரப்பர அறுத்துத்தான் எடுத்திருக்காங்க" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். கல்யாணக் காருக்கு வேறு வண்டியே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு? எனக்கு அடிக்கலாம் போல இருந்தது.

பூன் தெய்க்கிடம் சொன்னேன். அவன் முகம் செத்துவிட்டது.

"சிம், நீ இனிமே உள்ள ஏறாத. பின் கண்ணாடிக்கு ஷுக்ரி உக்காரட்டும்."

"ஷுக்ரி அண்ணனா? அவருக்கு ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதே."

சொன்னது போலவே ஆனது. வெள்ளிக்கிழமை காலையில் ஒத்திகை பார்த்தோம். நிறுத்த வேண்டிய இடத்தில் ஒன்று தட்டினேன். அழுத்த வேண்டிய இடத்தில் இரண்டு. கெய்க் சிம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் பூன் தெய்க் சலித்துப்போய், "நீ எத்தன தட்டினாலும் நான் அழுத்திக்கிட்டே இருக்கேன், போ. தொழுகை முடிஞ்சு சீக்கிரம் வா" என்று அனுப்பிவைத்தான்.

பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது மழை பிடித்துவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நனைந்தபடியே ஓடிவந்தேன்.

பட்டறைக்குள் இருட்டு. சோப்பு வாசனைக்கு மேலாக அந்தக் குட்டை வாடை. காரின் கதவுகள் சாத்தியிருந்தன. உள்ளே ஆவி படிந்து கண்ணாடிகள் எல்லாம் வெள்ளையாகியிருந்தன. பூன் தெய்க் பின் கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தான். ரப்பர் கடைசி மூலைவரை கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"யாரு உள்ள?" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். என்னைக் கண்டதும் அவன் வாய் கோணியது.

"நீ... நீ உள்ள இருக்கேன்னு... சோப்புத் தண்ணி கரைக்கப் போனேன். வந்து பாத்தா ஆவிக்குள்ள ஆள் உக்காந்திருந்துச்சு, முகம் தெரியல. ஒண்ணு தட்டுச்சு, அழுத்தினேன்."

"கெய்க் சிம் எங்க?"

அவன் கண்ணாடியிலிருந்து கைகளை எடுத்தான்.

"நடுவுல ரெண்டு தட்டுச்சு, ஷுக்ரி. திரும்பத் திரும்ப ரெண்டு. நீதான் மாத்தித் தட்டுறேன்னு நெனச்சேன்."

அவள் ஏன் ஏறினாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ரப்பர் எங்காவது மடிந்திருந்ததைப் பார்த்திருப்பாள். அதை நீவிவிடாமல் அவளால் இருக்க முடியாது.

கதவை இழுத்தோம். கைப்பிடி சுழன்றது, கதவு அசையவில்லை.

பூன் தெய்க் சுத்தியலால் கண்ணாடியை அடித்தான். தண்ணீருக்குள் அடித்தது போல் சத்தமே எழவில்லை.

உள்ளேயிருந்து மெதுவாக, டொக் டொக்.

பிறகு அதுவும் இல்லை.

தோல் வெட்டும் கத்தியை எடுத்துவந்து புது ரப்பரை நான்தான் அறுத்தேன். முன்னால் யாரோ அறுத்த மாதிரியே, அவசர அவசரமாக. கண்ணாடி சரிந்ததும் சாம்பல் நிறத் தண்ணீர் எங்கள் நெஞ்சில் கொட்டியது. வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு உள்ளே போக வழியில்லாத கார் அது. தண்ணீரோடு கெய்க் சிம்மும் வந்தாள். பூன் தெய்க் அவளை மடியில் கிடத்திக் கன்னத்தைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டான். அவள் கண் திறக்கவில்லை. பிள்ளையும் போயிற்று.

கயிறு காரின் முன்னிருக்கையில் கிடந்தது. பொறுமையாக, வட்டமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கெய்க் சிம் ஒருநாளும் கயிற்றைச் சுருட்டியதில்லை.

ஜமாலுடின் காரைக் கேட்டு வரவே இல்லை. பூன் தெய்க் கடையைச் சாத்தினான். ஆனால் மழை வரும்போதெல்லாம் சாத்திய கதவுக்குப் பின்னால் விளக்கு எரியும். நேற்று மதியம் மனசு கேட்காமல் பின்வழியாக உள்ளே போனேன்.

பின் கண்ணாடிக்குப் புது ரப்பர் மாட்டி, உள்ளங்கைகளை ஊன்றி நின்றிருந்தான். தாடி வளர்ந்து ஆளே பாதியாகியிருந்தான்.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்றேன்.

"இரு. அவ ரெண்டு தட்டுவா. இந்தத் தடவ நிறுத்திடுவேன்."

பக்கத்துக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். ஆவிக்கு நடுவே கொஞ்சம் இடம் தெரிந்தது. இருக்கைகள் காலி. ரப்பரின் பள்ளத்திலிருந்து கயிறு விறைப்பாக வெளியே வந்து, பின்னிருக்கைக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில் போய் நின்றது.

டொக்.

நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்காகக் காத்திருந்தோம்.

அது வரவில்லை. பூன் தெய்க் அழுத்தினான்.